ஒரு கொதி

போன வருஷம் தீபாவளிக்கு எங்க வீட்டு நோன்புத் தட்டில் இருந்த 21 அதிரசமும் கடையில் வாங்கியது. இதை வெளியே சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். மின்னிதழில் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

எங்க ஊர் ஆரணிக்குப் பக்கம். மற்றவர்களுக்குத் தீபாவளி என்றால் பட்டாசும் புதுத்துணியும். எங்க தெருவில் பாதி வீடுகளுக்கு அது கேதார கௌரி நோன்பு. ஐப்பசி அமாவாசையன்று எடுப்பது. எங்க வீட்டுக் கணக்கில் எல்லாமே 21. அதிரசம் 21, வெற்றிலை 21, பாக்கு 21, மஞ்சள் 21. படைத்து, நோன்புக் கயிறு கட்டிய பிறகுதான் அந்த அதிரசத்தில் யாரும் கை வைக்கலாம். உடைந்தது, ஓரம் கிழிந்தது எதுவும் தட்டுக்குப் போகாது. எந்தக் கம்பெனி கியூசி டிபார்ட்மென்ட்டும் எங்க வீட்டு நோன்புத் தட்டு அளவுக்குக் கறாராக இருந்து நான் பார்த்ததில்லை.

இத்தனை வருஷமும் செய்தது ஆயா. பாட்டியை எங்க பக்கம் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். போன வருஷம் அவங்களுக்கு ரெண்டு கண்ணிலும் புரை முத்திவிட்டது. ஆபரேஷனை 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று தள்ளிக்கொண்டே வந்தாங்க. கொதிக்கிற பாகு, காய்கிற எண்ணெய், கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவங்க. அம்மா அவங்களை அடுப்படிப் பக்கமே விடவில்லை. நானும் அம்மாவும்தான் இறங்கினோம். யூடியூப் வீடியோ ஒன்று, கடையில் வாங்கிய அரிசி மாவு பாக்கெட் ரெண்டு, நல்ல தைரியம் கொஞ்சம்.

முதல் அதிரசம் எண்ணெயில் ஒரு நொடி மிதந்தது. அப்புறம் ஓரம் நுரைத்தது. நுரையோடு மாவும் பிரிந்தது. பத்தே நொடியில் சட்டி முழுக்கக் கறுப்பு மணல். ரெண்டாவதும் அப்படியே. ஏழாவதோடு நிறுத்தினோம். ஆயா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதாலேயே கேட்டுக்கொண்டிருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்வீட் ஸ்டாலுக்குப் போனான்.

இந்த வருஷம் ஏழாவது செமஸ்டரில் எனக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப். கார் உதிரி பாகங்கள் செய்கிற இடம். மதியம் 12.40க்குக் கேன்டீனில் எங்க டேபிளுக்கு ஆறு பேர். லைன் இன்சார்ஜ் சார், ஈரோட்டுக்காரர். கியூசி அக்கா, நாகர்கோவில். பெயின்ட் ஷாப் அண்ணன், கும்பகோணம். மெயின்டனன்ஸ் பாய், ஆம்பூர். பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருக்கும் பீகார்க்காரர் ஒருவர், அவரை எல்லோரும் பையா என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் 'பையா' என்ற சத்தம் கேட்டு, என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கிண்டல் இன்னும் ஓயவில்லை.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்தது. இந்த வருஷமும் அரைக்கிலோ ஸ்வீட் பாக்ஸ். 'இதுல என்ன இருக்கு தம்பி, எல்லாமே ஒரே இனிப்பு. உங்க வீட்டுல என்ன பண்ணுவாங்க, அதச் சொல்லுங்க' என்றார் இன்சார்ஜ் சார். நான் அதிரசம் என்றேன். யார் செய்வாங்க என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டு கறுப்பு மணல் கதையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சிரித்து முடித்ததும் டேபிளே ஃபெயிலியர் அனாலிசிஸில் இறங்கியது. அடுத்த பத்து நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு. அதில் ஒன்றைக் கவனித்தேன். ஒருத்தர்கூட எனக்கு அளவு சொல்லவில்லை. எத்தனை கிராம், எத்தனை நிமிஷம், எத்தனை டிகிரி என்று யாரிடமும் பதில் இல்லை. எல்லோரிடமும் இருந்தது ஒரு சோதனை. 'இப்படி வந்தா இறக்கு', 'இந்தச் சத்தம் கேட்டா போதும்', 'விரல்ல இப்படி ஒட்டணும்'. அவரவர் வீட்டுப் பண்டிகைச் சாப்பாட்டில் பரம்பரையாகக் கைமாறி வந்தது அந்தச் சோதனைதான், பொருள்களின் பட்டியல் இல்லை. அதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, நாம் ரெண்டாம் வருஷம் தெர்மோ புத்தகத்தில் படித்துவிட்டு மறந்துபோன விஷயங்கள்தான் உள்ளே இருந்தன.

முதலில் பாகு. ஆரம்பித்து வைத்தது கியூசி அக்கா. அவங்க ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து செய்வாங்க. பெயரைக் கேட்டு நான் முந்திரிப் பருப்பு என்று நினைத்தேன். அதில் முந்திரிப் பருப்பே கிடையாது. வறுத்து அரைத்த பாசிப்பயறு, வெல்லப்பாகு, தேங்காய், ஏலக்காய். உருண்டை பிடித்து, மஞ்சள் கலந்த அரிசி மாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டினாற்போல் எண்ணெயில் விடுவாங்க. வெந்து வந்தால் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். முந்திரி என்றால் அங்கே திராட்சை. 'எங்க அம்மைக்கு தெர்மாமீட்டர் எல்லாம் தெரியாது மக்கா. ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சுக்கிடுவா. பாகு ஒரு சொட்டு விடுவா. கரைஞ்சா ஆகலை. விரலுக்கு உருண்டு வந்தா ஆச்சு. அவ்வளவுதான்.'

அதிரசத்துக்கும் இதே கிண்ணம்தான். இந்தக் கிண்ணம் என்ன அளக்கிறது என்று பார்ப்போம்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதில் சர்க்கரையைக் கரைத்தால் கொதிநிலை ஏறும். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஏற்றம். வெல்லப்பாகு கொதிக்கும்போது தண்ணீர் மட்டும் ஆவியாகி வெளியே போகிறது, சர்க்கரை உள்ளேயே இருக்கிறது. அதனால் அடர்த்தி கூடக்கூடப் பாகின் வெப்பநிலையும் தானாக ஏறுகிறது. கம்பிப் பதம் 110 டிகிரியை ஒட்டி வரும். இளசான உருட்டுப் பதம் 112 முதல் 116 வரை. அந்த இடத்தில் பாகில் சுமார் 85 சதவீதம் சர்க்கரை, 15 சதவீதம் தண்ணீர். 118-ஐத் தாண்டினால் உருண்டை கெட்டிப்படும், அப்போது சர்க்கரை சுமார் 87 சதவீதம். இன்னும் மேலே போனால் கார்த்திகைப் பொரி உருண்டைக்கான பாகு. அதை உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரணும் என்பார்கள். அது காதால் செய்கிற சோதனை.

85-க்கும் 87-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? கணக்குப் போட்டேன். கேன்டீன் டிஷ்யூ பேப்பரில்தான்.

ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று வைத்துக்கொள்வோம். சுலபத்துக்கு வெல்லம் முழுவதும் சர்க்கரை என்றே எடுத்துக்கொள்கிறேன். 85 சதவீதத்தில் பாகுக்குள் இருக்கும் தண்ணீர் சுமார் 132 கிராம். 87 சதவீதத்தில் சுமார் 112 கிராம். வித்தியாசம் வெறும் 20 கிராம். ஒரு சின்னக் கரண்டித் தண்ணீர். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2257 ஜூல் வேண்டும், ஆக 20 கிராமுக்கு 45 கிலோஜூல். அடுப்பிலிருந்து ஒரு கிலோவாட் பாத்திரத்துக்குள் இறங்குகிறது என்றால் அதற்கு ஆகும் நேரம் 45 விநாடி.

மென்மையான அதிரசத்துக்கும் பல்லை உடைக்கும் அதிரசத்துக்கும் நடுவில் இருப்பது முக்கால் நிமிஷம்தான். இன்னொரு பக்கம், ஒரு நிமிஷம் முன்னாடியே இறக்கினால் தண்ணீர் அதிகம். சூடான எண்ணெயில் விட்டதும் அந்தத் தண்ணீர் வேகமாக ஆவியாகி வெளியேறும். மாவுத் துகள்களைப் பிடித்து வைக்கும் அளவுக்குப் பாகு ஒட்டுத்தன்மை பெற்றிருக்காது. துகள் துகளாகப் பிரிந்துவிடும். எங்க கறுப்பு மணல் இதுதான். சின்ன வயசிலிருந்து ஆயா 'இன்னும் ஒரு கொதி வரட்டும்', 'ஒரு கொதி தாண்டிப்போச்சு' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஏதோ பேச்சுவழக்கு என்றுதான் நினைத்திருந்தேன். டிஷ்யூ பேப்பரைப் பார்த்த பிறகு அது ஒரு நேர அலகு என்று புரிந்தது.

அப்படியானால் தெர்மாமீட்டர் வைத்தால் முடிந்துவிட்டதே என்று கேட்பீர்கள். நானும் கியூசி அக்காவிடம் அதைத்தான் கேட்டேன், ஒரு நாளைக்கு அந்த டிஜிட்டல் தெர்மோகப்பிள் கிடைக்குமா என்று. 'கேலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டினதைக் கொண்டுபோய் வெல்லப்பாகுல விட்டுட்டு வந்தா ஆடிட்ல நான் என்னலே எழுதுவேன்?' என்றாங்க. நியாயம்தான். சமையலுக்கென்று விற்கிற ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன்.

ஆனால் தெர்மாமீட்டரிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அது அளப்பது வெப்பநிலையை. நமக்கு வேண்டியது ஒட்டுத்தன்மை. ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்கிறோம், அவ்வளவுதான். வெல்லம் சுத்தமான சர்க்கரை இல்லை. அதில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், தாது உப்புகள், ஈரம் எல்லாம் இருக்கிறது, அச்சுக்கு அச்சு மாறுகிறது. மழைக்காலத்து வெல்லம் காற்றிலிருந்தே ஈரம் இழுத்துக் கசிகிறது. இடமும் மாறும். ஊட்டியில் தண்ணீரே 93 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துவிடும். அங்கே 115 வரை காத்திருந்தால் பாகு முற்றிப்போயிருக்கும். கிண்ணத்துத் தண்ணீருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சொட்டை ஆறவைத்து, அதன் ஒட்டுத்தன்மையை நேராகவே விரலில் தொட்டுப் பார்க்கிறோம். ஊட்டியானாலும் ஒரகடமானாலும் உருண்டால் உருண்டதுதான்.

அடுத்தது மாவு. 'பாக்கெட் மாவா? அங்கேயே பாதி போச்சு' என்றார் பெயின்ட் ஷாப் அண்ணன். அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்தணும். முழுசாகக் காயக்கூடாது. கையில் அள்ளினால் ஈரம் தெரியணும், உதறினால் ஒட்டக்கூடாது. அந்த நிலையில் அரைத்துச் சலிக்கணும். ஊறிய அரிசி மெத்தென்று இருப்பதால் நைசாக அரைபடும், அரைக்கும்போது சூடும் குறைவு. காய்ந்த அரிசியை மெஷினில் போட்டு அரைத்தால் மாவுச்சத்தின் துகள்களே அடிபட்டு உடைகின்றன. உடைந்த துகள் தண்ணீரை அதிகமாக உறிஞ்சும். பாகில் நாம் கணக்குப் பார்த்து விட்ட அந்தத் தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டால் கணக்கே மாறிவிடும். பாகில் மாவைக் கொட்டிக் கிளறி, ஒன்றிரண்டு நாள் மூடி வைப்பதும் இதனால்தான். ஈரம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவ நேரம் வேண்டும். மாவு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டக்கூடாது, ஒரு கைப்பிடி மிச்சம் வைத்துக்கொள்ளணும் என்றார் அண்ணன். மூடி வைக்கிற நாளில் மாவு இன்னும் இறுகுமாம். தளர இருக்கும்போதே நிறுத்திவிடணும்.

அண்ணனுடைய சொந்தக் கதை அதிரசம் இல்லை, சீடை. அவர் இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. பெயின்ட் பூத் விபத்து என்று நான் நினைத்திருந்தேன். பன்னிரண்டு வயசில், கிருஷ்ண ஜெயந்தி அன்று, அடுப்புப் பக்கத்தில் நின்றபோது உப்புச் சீடை வெடித்து எண்ணெய் தெறித்ததாம். இதைச் சிரிப்பாகச் சொல்லிவிட்டு, உடனே குரலை மாற்றி, 'விளையாட்டில்லை தம்பி, முகத்துல பட்டிருந்தா?' என்றார்.

சீடை ஏன் வெடிக்கிறது? நம்ம பாஷையில் சொன்னால், ரிலீஃப் வால்வு இல்லாத பிரஷர் வெசல். எண்ணெயில் விழுந்ததும் வெளித்தோல் இறுகி மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது, வெளியேற வழியில்லை. தோல் தாங்குகிற வரை தாங்கி, அப்புறம் வெடிக்கிறது. மாவில் ஒரு குருணையோ சலிக்காத உளுந்துக் கட்டியோ இருந்தால் ஈரம் அங்கே தங்கி நிற்கும். அழுத்தி, வழவழவென்று பளிங்கு மாதிரி உருட்டினாலும் ஆபத்து. ஆவி போகச் சின்ன இடுக்குகூட இருக்காது. அவர் வீட்டு விதிகளைப் பாருங்கள். மாவை ரெண்டு முறை சலி. மாவை வறு. இறுக்கி உருட்டாதே, மேலே விரிசல் தெரிந்தால் நல்லது. உருட்டியதைத் துணியில் கொஞ்ச நேரம் ஆறவிடு. ஊசியால் ஒரு குத்து குத்து. முதலில் நாலே நாலு போட்டுத் தள்ளி நின்று பார். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தர் வீட்டுத் தழும்பு இருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது ஹாஸ்டல் இண்டக்ஷனில் சீடை முயற்சி செய்வதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

கியூசி அக்காவிடம் அச்சு முறுக்கும் ஒன்று இருந்தது. பூ மாதிரி இரும்பு அச்சு. அதை முதலில் எண்ணெயிலேயே காயவைத்து, பிறகு மாவுக் கரைசலில் முக்கால் உயரத்துக்கு முக்கி, திரும்ப எண்ணெயில் விடுவது. அச்சு சூடாகாமல் இருந்தால் மாவு பிடிக்காது. ரொம்பக் காய்ந்துபோனாலும் பிடிக்காமல் வழுக்கும். முழுசாக முக்கிவிட்டால் மாவு அச்சின் மேல்பக்கத்தையும் மூடிக்கொள்ளும், எத்தனை ஆட்டினாலும் கழன்று வராது. டை காஸ்டிங் லேபில் அச்சை முன்கூட்டிச் சூடுபடுத்துவது ஏன் என்று வைவாவில் கேட்டபோது நான் முழித்தேன். அன்றைக்கு இந்த அச்சு முறுக்கு ஞாபகம் வந்திருந்தால் ரெண்டு மார்க் தேறியிருக்கும்.

பாய் இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'உங்க எல்லாருக்கும் எண்ணெய்தான் பிரச்னை. எங்களுக்கு மூடிதான் பிரச்னை' என்றார். அவர் சொன்னது தம் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி முக்கால் பதம் வெந்ததும் பாத்திரத்தை மூடி, விளிம்பை அடைத்து, மூடியின் மேலேயும் நெருப்புக் கங்கு போடுவாங்க. கீழே சூடு இருக்கும்போது மேலே எதற்குக் கங்கு? மூடி குளிர்ந்திருந்தால் ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும். மேல் சோறு குழையும், அடிச் சோறு வரளும். மூடியும் சூடாக இருந்தால் ஆவி ஆவியாகவே இருந்து அரிசிக்குள் போகும். 'நடுவுல மூடியத் தொறக்கிறவன் மாப்பிள்ளையா இருந்தாலும் திட்டு உண்டு' என்றார். பக்ரீத்துக்குக் கறியை மூன்று பங்காகப் பிரிப்பது அவர் வீட்டில் அவருடைய வேலை. ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தக்காரர், நண்பர்களுக்கு, ஒன்று இல்லாதவர்களுக்கு. போன பக்ரீத்துக்கு ரெண்டாவது பங்கிலிருந்து எங்க டேபிளுக்கு ஒரு பெரிய டப்பா வந்ததாக ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நான் சேர்வதற்கு முன்னாடி. என் ராசி.

இன்சார்ஜ் சார் மட்டும் ஒன்றும் சொல்லாமலே இருந்தார். கடைசியில் நான்தான் கேட்டேன். 'எங்களுக்கு இதெல்லாம் இல்லீங்க தம்பி. சோளமும் கம்பும்தான் தினச் சோறு. தீபாவளிக்குத்தான் இட்லி சுடுவாங்க. அன்னைக்கு இட்லியும் கறிக்கொழம்பும். அதுக்காகவே தீபாவளி எப்ப வருமுன்னு கெடப்போம்.' டேபிளில் அன்றைக்குக் கேன்டீன் இட்லி இருந்தது. பாதி தட்டுகளில் மிச்சம் கிடந்தது. நான் என் தட்டில் இருந்ததைச் சத்தம் காட்டாமல் சாப்பிட்டு முடித்தேன்.

பையாவுக்குத் தீபாவளியைவிடப் பெரியது சட் பூஜை. தீபாவளி கழிந்து ஆறாம் நாள். வீட்டில் அவருடைய அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் 36 மணி நேரம் விரதம் இருப்பாங்களாம். மறைகிற சூரியனுக்கு ஒருமுறை, மறுநாள் உதிக்கிற சூரியனுக்கு ஒருமுறை, தண்ணீரில் நின்று அர்க்கியம் கொடுப்பது. அந்தப் பூஜைக்குரிய பலகாரம் தேக்குவா. கோதுமை மாவு, வெல்லம், நெய். மரத்தில் செதுக்கிய அச்சில் அழுத்திப் பொரிப்பது. நான் முதலில் கேட்டது பாகுப் பதம் என்ன என்றுதான். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. 'பாகு இல்லை. வெல்லம் தண்ணியில் கரை, மாவில் ஊத்து, முடிஞ்சது' என்றார்.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். அதே வெல்லம், அதே எண்ணெய்ச் சூடு, ஆனால் பதமே தேவையில்லை. யோசித்தால் காரணம் தெரிகிறது. அரிசி மாவில் குளுட்டன் இல்லை, துகள்களைப் பிடித்து வைக்கப் பாகு ஒன்றுதான் கதி. கோதுமையில் குளுட்டன் இருக்கிறது, அது தானே பிடித்துக்கொள்ளும். அங்கே கவலை நேர் எதிரானது. பிடி அதிகமாகி ரப்பர் மாதிரி ஆகிவிடக்கூடாது. அதற்குத்தான் முதலில் மாவில் நெய்யைப் போட்டுப் பிசிறுவது. மாவுத் துகளை நெய் மூடிவிட்டால் குளுட்டன் இழை நீள முடியாது. அவர் வீட்டுச் சோதனை இது: நெய் பிசிறிய மாவை ஒரு பிடி பிடித்தால் பிடித்த வடிவத்திலேயே நிற்கணும். இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை என்றார். ஊருக்குப் போக ரயிலில் ரெண்டு நாள், வர ரெண்டு நாள். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னாடி ஊருக்குப் போனேன். அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, மிஷினில் கொடுத்து அரைத்து வந்தேன். மிஷின்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாகு வெல்லம் முக்கால் கிலோ, கரைத்து மண் போக வடிகட்டினேன். அடுப்பில் ஏற்றி, புதுத் தெர்மாமீட்டரைச் செருகினேன். ஆயாவைத் திண்ணையிலிருந்து கூட்டி வந்து, அடுப்பிலிருந்து ஆறடி தள்ளி ஸ்டூலில் உட்கார வைத்தேன். அம்மா முறைத்தார். நான் பாகு ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, கிண்ணத்தை அவங்க கையில் கொடுத்தேன்.

தெர்மாமீட்டர் 112 காட்டியது. ஆயா தண்ணீருக்குள் விரலை விட்டுத் தடவினாங்க. 'ஒரு கொதி வரட்டும்டா.'

நான் போனில் நேரம் பார்த்தேன். ஐம்பது விநாடி. ரெண்டாவது சொட்டு. 'இப்ப எறக்கு, எறக்கு, இன்னா நின்னுகினு இருக்க!' தெர்மாமீட்டரில் 115.

போன வருஷம் முழுக்க, கண் தெரியாதவங்க எப்படிப் பதம் பார்ப்பாங்க என்று நாங்களே முடிவு பண்ணிவிட்டோம். ஆயா பாகைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். கேஸ் அடுப்பில் ஏது புகை.

ரெண்டு நாள் மாவு ஊறியது. சுட்ட அன்றைக்கு எண்ணெய் என் பொறுப்பு, தட்டிக் கொடுப்பது ஆயா. வாழையிலைத் துண்டில், விரலால் ஓரத்தைத் தடவித் தடவி, வட்டம் சரியாக வந்தது. எடுத்த உடனே ரெண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தணும், ஆறவிட்டு அழுத்தினால் பயனில்லை என்று விரட்டினாங்க. இதற்கும் காரணம் உண்டு. எண்ணெயில் இருக்கும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் நுழையாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் உள்ளே அழுத்தம் குறைந்து, மேலே ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதற்குள் பிழிந்துவிட வேண்டும்.

மொத்தம் 46 வந்தது. என் அவசரத்தில் மூன்று கருகியது, ரெண்டு கிழிந்தது. முழுசு 41. அதில் 21 தட்டுக்குப் போனது. நோன்புக் கயிறு கட்டி முடித்ததும் ஆயா ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்று, 'வெல்லம் கொஞ்சம் உப்பு' என்றாங்க. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாச்சு, கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி.

பன்னிரண்டு அதிரசத்தை டிபன் பாக்ஸில் போட்டு ஒரகடத்துக்குக் கொண்டுபோனேன். கியூசி அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஓரம் பார்த்துவிட்டு 'ஓகே' என்று முத்திரை குத்துகிற மாதிரி மேஜையில் தட்டினாங்க. இன்சார்ஜ் சார் பேசாமல் ரெண்டு சாப்பிட்டார். பாய் வீட்டுக்கு ஒன்று மடித்து எடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்ததைப் பாக்ஸோடு பையாவிடம் கொடுத்தேன்.

பாக்ஸ் ஒரு வாரம் திரும்பி வரவில்லை. சட் முடிந்த மறுநாள் வந்தது. காலியாக இல்லை. ரூமில் இண்டக்ஷன் அடுப்பில் பொரித்த தேக்குவா, மர அச்சு இல்லாததால் முள்கரண்டியால் கோடு போட்டது. நல்ல கெட்டி, பல்லுக்கு வேலை. இதை எழுதும்போது இன்னும் மூன்று மிச்சம் இருக்கிறது. ரூம்மேட்டுக்குத் தெரியாது.